மூன்று குதிரைகள்

தம்பூராவின் குடத்தின் மேல் ஒரு குதிரை நிற்கிறது. நான்கு தந்திகளையும் முதுகில் சுமந்துகொண்டிருக்கும் சிறிய தாங்கிக்குத்தான் அந்தப் பெயர். வீணையிலும் வயலினிலும் அதே பெயர்தான். பிரெஞ்சு மொழியிலும் வயலினின் இந்த உறுப்பு 'ஷெவாலே', அதாவது குட்டிக் குதிரை. சுமக்கும் முதுகைப் பார்த்து வைத்த பெயர் இது. தம்பூராவின் இனிமை முழுவதும் அந்த முதுகில்தான் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

வயலின் குதிரையின் முதுகு குறுகலானது. தந்தி அதன் விளிம்பை மட்டும் தொட்டு நிற்பதால், அதிரும் நீளம் மாறுவதில்லை. தம்பூராக் குதிரையின் முதுகோ அகலமானது, மிக இலேசாக வளைந்தது. தந்தி கீழே இறங்கும்போது அந்த வளைவின் மேல் கொஞ்சம் படிகிறது. மேலே எழும்போது விலகுகிறது. ஒவ்வொரு அலைவிலும் அதிரும் நீளம் சற்றே கூடிக் குறைகிறது. இந்தத் தொட்டு விலகலில் ஆதார சுரத்தின் ஆற்றல் மேற்சுரங்களுக்கு, அதாவது அதே தந்தியில் அதனுடன் சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுரங்களுக்கு, இடைவிடாமல் கைமாறுகிறது. மீட்டிய பிறகும் நாதம் விரிந்துகொண்டே போவது அதனால்தான்.

சர் சி.வி. ராமன் இதைக் கூர்ந்து கவனித்தார். தந்தியைச் சரியாக நடுவில் மீட்டினால், நடுப்புள்ளியில் அசைவற்றிருக்க வேண்டிய மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது பழைய விதி. வீணையிலும் தம்பூராவிலும் அவை தெளிவாக ஒலித்தன. கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அவர் 1921இல் இதை வெளியிட்டார். காரணம் குதிரையின் வளைந்த முதுகு என்று விளக்கினார். பெயர் தெரியாத எந்தத் தச்சரோ செவியை மட்டும் நம்பி இழைத்த வளைவு அது.

அந்த முதுகுக்கும் தந்திக்கும் இடையே ஒரு நூலிழையைச் செருகுவார்கள். ஜீவாளி என்று பெயர். தந்தி முதுகை எந்த இடத்தில், எவ்வளவு தொட வேண்டும் என்பதை அந்த இழை தீர்மானிக்கிறது. மயிரிழை அளவு நகர்த்தினால் மந்தமாகக் கிடந்த ஒலி சட்டென்று திறந்துகொள்ளும். உயிர் கொடுப்பதற்கு ஜீவாளி என்று பெயர் வைத்தவரை வணங்கத் தோன்றுகிறது.

கிணற்றடி மோட்டாரில் இருப்பது வேறு குதிரை. குதிரைகள் செய்துவந்த வேலைக்கு நீராவி எந்திரத்தை விற்க, ஜேம்ஸ் வாட்டுக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. ஆலையில் செக்கு மாடு போலச் சுற்றிவரும் குதிரையின் இழுவையைக் கணக்கிட்டு அவர் வகுத்த குதிரைத்திறன் என்ற அளவு, நொடிக்கு ஏறக்குறைய 76 கிலோவை ஒரு மீட்டர் உயர்த்துவதற்குச் சமம். இன்றைய கணக்கில் 746 வாட். 5 குதிரைத்திறன் மோட்டார் என்றால் சுமார் 3.7 கிலோவாட். ஓடும் குதிரை சில நொடிகளுக்கு 15 குதிரைத்திறன் வரை காட்டக்கூடும் என்று 1993இல் மதிப்பிட்டார்கள். அதில் முரண் இல்லை. வாட் கணக்கிட்டது நாள் முழுதும் தாங்கும் உழைப்பை.

கடல் குதிரை முகத்தால் பெயர் பெற்றது. அது ஒரு மீன், அதுவும் மிக மெதுவாக நீந்தும் மீன். அதன் இரையோ நீரின் சிறு அசைவை உணர்ந்ததும் துள்ளி ஓடும் நுண்ணிய கணுக்காலி. எப்படிப் பிடிக்கிறது? அந்தக் குதிரைத் தலையின் வடிவம், நீண்ட மூக்கின் நுனிக்கு மேலே நீரைக் கலக்காமல் வைத்திருக்கிறது. இரை அறியாமல் ஒரு மில்லிமீட்டர் வரை நெருங்கி, வளைந்த கழுத்தைச் சட்டென்று நிமிர்த்தி உறிஞ்சிவிடுகிறது. மின்னல் வேகம் கடைசி ஒரு மில்லிமீட்டருக்கு மட்டும் போதும்.

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடற்புற்களில் வாலைச் சுற்றிக்கொண்டு இவை வாழ்கின்றன. வலையில் தற்செயலாகச் சிக்குவதும் உண்டு. 2001 முதல் கடல் குதிரையைப் பிடிப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிக்குவதில் ஆண் இருந்தால், அதன் வயிற்றுப் பையில் குஞ்சுகளும் இருக்கலாம். கடல் குதிரைகளில் கருவைச் சுமப்பது தந்தைதான்.