ரிம்முக்கு அடிங்க, டிஸ்க்கை விட்டுடுங்க

ஆயுத பூஜை நெருங்கிவிட்டால் எங்கள் பட்டறைக்கு ஒரு குறிப்பிட்ட ரகத்தில் வண்டிகள் வரத் தொடங்கும். கறுப்பு அலாய் வீலில் சிவப்புக் கோடு, கிளிப்பச்சைக் கோடு, சிலவற்றில் வீல் முழுக்கத் தங்க நிறம். எல்லாம் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஸ்ப்ரே டப்பாவால் அடித்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். வண்டியை நிறுத்திவிட்டு, "அண்ணே, முன் பிரேக் கொஞ்சம் பிடிக்க மாட்டேங்குது, டைட் பண்ணி விடுங்க" என்பார்கள். டிஸ்க் பிரேக்கில் டைட் பண்ண ஒன்றும் கிடையாது, அது டிரம் பிரேக்குக்கான பேச்சு. குனிந்து பார்த்தால் ரிம்மோடு சேர்ந்து டிஸ்க்கிலும், அதாவது பிரேக் கவ்விப் பிடிக்கும் வட்ட இரும்புத் தட்டிலும், பெயின்ட் படிந்திருக்கும். போன வாரம் வந்த வண்டியில் அது தவறிப் படிந்ததுகூட இல்லை, வேண்டுமென்றே அடித்திருந்தார்கள். டிஸ்க்கும் கறுப்பாக இருந்தால் லுக் நன்றாக இருக்குமாம்.

"ஓட்ட ஓட்டத் தானா தேய்ஞ்சு போயிடும்ணே." இந்த ஒரு பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போனதால்தான் இதை எழுதுகிறேன்.

தேய்ந்து எங்கே போகும்? டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை இருக்கிறதே, அந்தப் பேடுக்குள்தான் போகும். பேடின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய உண்டு. பிரேக் பிடித்ததும் டிஸ்க் சூடேறும், பெயின்ட் இளகும். பேடு அந்த இளகலை டிஸ்க் முழுக்கத் தேய்த்துப் பூசும், மீதி துளைகளுக்குள் இறங்கும். ஆறியதும் அது இறுகி மேலே ஒரு தோல் படிந்துவிடும். போன வாரத்து வண்டியின் பேடைக் கழற்றிக் கையில் எடுத்தேன். சொரசொரப்பாக இருக்க வேண்டிய முகம் கறுத்து, வழவழவென்று பளபளத்தது. நகத்தால் கீறினால் மெழுகு மாதிரிச் சுருண்டு வந்தது. டிஸ்க்கிலோ ஓரிடத்தில் இரும்பு தெரிகிறது, பக்கத்திலேயே பெயின்ட் திட்டு. ஒரே சுற்றில் ஓரிடம் பிடிக்கும், ஓரிடம் வழுக்கும்.

இதில் மோசமான விஷயம், லீவரில் பெரிதாக எதுவும் தெரியாது. ஆயில் அழுத்தம் சரியாக இருக்கிறது, பேடை அழுத்தும் காலிபர் வேலை செய்கிறது, எனவே கைக்கு லீவர் கெட்டியாகத்தான் இருக்கும். வண்டி மட்டும் நிற்காது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. நல்ல பிரேக் இருந்தால், கை அழுத்தியதிலிருந்து 10 மீட்டர் சுமாருக்குள் நிறுத்திவிடலாம். பிடிமானம் பாதியானால் அது 20 மீட்டர். எதிரே பள்ளிக்கூட வேன் திரும்பும்போது அந்த மிச்சப் 10 மீட்டருக்கு எங்கே போவது? அதுவும் முன் பிரேக். பிடித்தவுடன் எடையெல்லாம் முன்னால் சாய்வதால் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு அதனுடையதுதான்.

"புது வண்டி டிஸ்க்கே கறுப்பாத்தானேண்ணே வருது" என்று அடுத்த கேள்வி வரும். உற்றுப் பாருங்கள். கறுப்பாக இருப்பது டிஸ்க்கின் உள்பகுதி, போல்ட் போடும் இடம். பேடு உரசும் வெளிவட்டம் வெறும் இரும்பு. கார்களின் சில புது டிஸ்க்குகளில் துருப்பிடிக்காமல் இருக்க மெல்லிய பூச்சு ஒன்று வரும், பிரேக் பிடிக்கப் பிடிக்க அது போய்விடும், உண்மைதான். போவதற்கென்றே தயாரித்த பூச்சு அது. ஹார்டுவேர் கடை டப்பாவும் அதுவும் ஒன்றல்ல. கேட்டுக்குப் பூசும் பெயின்ட்டை வண்டியின் உயிர்நாடியில் பூசிவிட்டுத் தேயும் தேயும் என்றால் எப்படி?

பெயின்ட் பட்ட டிஸ்க்கைத் தின்னர், பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்து, மெல்லிய எமரி தாளால் தேய்த்து மீட்டுவிடலாம். பேடை மீட்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். அடுப்பில் சுட்டால் சரியாகிவிடும் என்று ஒரு கைவைத்தியம் சுற்றுகிறது. மேலே புகைந்து போனதுபோல் தெரியும், உள்ளே இறங்கியது அப்படியே இருக்கும். தேங்காய் எண்ணெய், டயர் பாலிஷ், செயினுக்கு அடிக்கும் ஸ்ப்ரே எது பட்டாலும் இதே கதைதான். பூஜையன்று சந்தனம் குங்குமத்தையும் டிஸ்க்கில் வைக்காதீர்கள். மட்கார்டில் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

டிரம் பிரேக்காரர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். மண்ணெண்ணெயும் தின்னரும் ஊற்றிக் கழுவினால் டிரம் இடுக்கு வழியாக உள்ளே இருக்கும் பிரேக் ஷூவுக்குள் போகும். பேரிங் சீலுக்குள் புகுந்து கிரீஸைக் கரைக்கும்.

இன்னொன்றை நினைத்தால் கோபத்தைவிடப் பயம்தான் வருகிறது. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஸ்டார்ட் செய்து, கியரில் விட்டு, சுற்றுகிற பின் வீலில் பிரஷ்ஷையோ ரேடியம் டேப்பையோ பிடிப்பது. கோடு நேராக விழுமாம். பக்கத்திலேயே செயின் ஓடுகிறது. துணியோ விரலோ செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் போனால் கையை உருவ நேரம் கிடைக்காது, எஞ்சினும் நிற்காது. விரல் நுனியை இழந்தவர்கள் எல்லா ஊர்ப் பட்டறையிலும் இருக்கிறார்கள். தயவுசெய்து சாவியை எடுத்துவிடுங்கள். நியூட்ரலில் போட்டு, வீலைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள் என்றால் முதலில் அவர்களை அனுப்புங்கள்.

சரி, ஆசைப்பட்டுவிட்டீர்கள், எப்படித்தான் செய்வது? கோடு மட்டும் போதுமென்றால் ரேடியம் ரிம் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ரிம்மை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு ஒட்டினால் நிற்கும், பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம். ஸ்ப்ரேதான் என்றால் வீலைக் கழற்றுங்கள். வண்டியிலேயே வைத்து அடித்தால் எத்தனை செய்தித்தாள் சுற்றினாலும் தூசியாகப் பறக்கும் பெயின்ட் எங்காவது போய் உட்காரும். டிஸ்க்கையும் கழற்றிப் பேப்பரில் சுற்றி உள்ளே வைத்துவிடுங்கள். டிஸ்க் உட்காரும் முகத்தில், போல்ட் ஓட்டையில், பேரிங் இடத்தில், டயர் விளிம்பு பதியும் இடத்தில் பெயின்ட் கூடாது. டிஸ்க்குக்கு அடியில் பெயின்ட் இருந்தால் நாளடைவில் அது நசுங்கி போல்ட் தளரும். டியூப்லெஸ் டயரின் விளிம்பில் இருந்தால் பெயின்ட் உரியும், காற்று இறங்கும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) உள்ள வண்டியில் டிஸ்க் பக்கத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு வளையம் இருக்கும், அது வளையக் கூடாது. வளைந்தால் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

பழைய பெயின்ட்டை எடுக்க உப்புத்தாளும் பொறுமையும் போதும். காஸ்டிக் சோடா வேண்டாம், அலுமினியத்தைத் தின்றுவிடும், தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். கேஸ் அடுப்பும் வேண்டாம், வெல்டிங் கடை நெருப்பும் வேண்டாம். அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது, பலம் போனதே தெரியாது. ஸ்போக்ஸ் கம்பி வீல் என்றால் கம்பியை இறுக்கும் நிப்பிளில் பெயின்ட் இறங்காமல் பாருங்கள். இறங்கினால் அப்புறம் கோட்டம் எடுக்க வருகிறவர் உங்களைத் திட்டுவார். அடிக்கும் முன் ரிம்மில் வெடிப்பு, நெளிவு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், பெயின்ட் அதை மூடிவிடும். (பழைய வண்டி வாங்கும்போது வீல் மட்டும் புதுப் பெயின்ட்டில் மின்னினால் இரண்டு முறை பாருங்கள்.) காற்றோட்டமான இடத்தில், மாஸ்க் போட்டு, பீடி சிகரெட் இல்லாமல் அடியுங்கள்.

மாட்டும்போது டிஸ்க் போல்ட்டுக்கு லாக் பசை போட்டு, ஆக்ஸில் நட்டைச் சரியான டார்க்கில், அதாவது கம்பெனி சொன்ன இறுக்க அளவில், இறுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் கூப்பிடுங்கள், வந்து மாட்டிக் கொடுக்கிறோம். டயர் சுற்றும் திசைக்கான அம்புக்குறியைப் பாருங்கள். வீல் வெளியே இருக்கும்போது லீவரைப் பிடிக்காதீர்கள், காலிபர் பிஸ்டன் வெளியே வந்துவிடும். மாட்டியபின் பேடு பின்வாங்கியிருப்பதால் முதல் பிடியில் லீவர் ஆக்ஸிலரேட்டர் வரை காலியாகப் போகும். நாலைந்து தடவை அழுத்திக் கெட்டியான பிறகே வண்டியை நகர்த்துங்கள். தெருவுக்குள்ளேயே மெதுவாக உருட்டிப் பிடித்துப் பாருங்கள், நேராக மெயின் ரோட்டுக்குப் போகாதீர்கள்.

ஏற்கெனவே டிஸ்க்கில் அடித்துவிட்டீர்களா? அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு எந்தப் பட்டறைக்கும் வராதீர்கள். மெக்கானிக்குக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுங்கள், பேடோடு வீட்டுக்கே ஆள் அனுப்புவார்.