கொடி விழும்வரை காத்திருக்க வேண்டாம்

நாமக்கல் பக்கம் ஒரு தொழுவத்தில் பிறந்து 10 நாளான கன்று கழிச்சலில் கிடந்தது. கண்கள் குழிவிழுந்து, வாய் சில்லிட்டிருந்தது. குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே, சீம்பால் எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "30 வருடமாக மாடு கட்டுகிறேன் சாமி, நஞ்சுக்கொடி விழாமல் கன்றை ஊட்ட விடுவேனா?" என்றார் அந்த அம்மா. கொடி விழ 9 மணி நேரம் ஆகியிருந்தது. கன்று பிழைக்கவில்லை.

அவருக்கு மாட்டைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. பருவத்துக்கு வந்த மாட்டைக் கத்தலிலேயே கண்டுகொள்வார். காலையில் கத்தினால் மாலையில் சினை ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலை. அதில் கணக்குத் தப்பினால் 21 நாளில் மாடே மறுபடி கத்திச் சொல்லிவிடும். சீம்பாலில் அப்படிச் சொல்ல ஆளில்லை. முதல் நாள் செய்த தாமதத்துக்குக் கன்று பத்தாம் நாள் கழிகிறது. பழி திருஷ்டி மேல் போகிறது.

மாட்டின் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்கு நோய் எதிர்ப்புப் பொருள் வந்து சேர்வதில்லை. சீம்பாலில்தான் வர வேண்டும். அதை அப்படியே உறிஞ்சும் திறன் கன்றின் குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் நின்றுவிடும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர் வேண்டும். பாதியை முதல் இரண்டு மணி நேரத்துக்குள், மீதியை 12 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். அக்கம்பக்கத்துக்கு வெல்லம் போட்டுக் காய்ச்சிக் கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு. கன்று ஊட்டினால் கொடி விழாது என்பதும் தவறு. ஊட்டும்போது மாட்டுக்குச் சுரக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கருப்பையைச் சுருங்கச் செய்து, கொடியைத் தள்ளவே உதவும். 12 மணி நேரம் தாண்டியும் விழாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கொடியில் கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டாம்.

இதையெல்லாம் அந்த அம்மாவின் கணவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். கறவை மாடு வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழும் வாங்கியவர். அது வீட்டுச் சுவரில் தொங்குகிறது. கன்று போடும்போது கூட இருப்பவரும், இரு வேளையும் கறப்பவரும் அம்மாதான். "நீங்கள் ஏன் போகவில்லை?" என்றேன். "காலை 10 மணிக்கு அங்கே உட்கார்ந்தால் இங்கே தீவனம் யார் வைப்பது?" என்றார்.

இப்போது என் பயிற்சியைக் கறவை முடிந்த மதிய வேளையில், ஊர்த் தொழுவத்திலேயே வைக்கிறேன். முதலில் கேட்பது, உங்கள் வீட்டில் கறப்பது யார் என்பதுதான். பல ஆண்கள் எழுந்து வீட்டுக்கு ஆளனுப்புகிறார்கள்.