கடைசி வயலுக்கு முதல் தண்ணீர்

விவசாய உத்தியோகத்தரான நான் போன சிறுபோகத்தில் திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்து வரம்பொன்றில் இரண்டு பேருக்கு நடுவே நிற்க வேண்டி வந்தது. ஒருவர் உள்ளூர் ஐயா, மற்றவர் கிண்ணியாவிலிருந்து வந்து வயல் செய்கிற முஸ்லிம் அண்ணன், நாங்கள் கூப்பிடுவது காக்கா. ஒரே வாய்க்கால், அடுத்தடுத்த காணி.

"மருந்தடிச்சி பூச்சி முழுக்க எண்ட வயலுக்குள்ள கலைச்சி உட்டுட்டாரு மிஸ்," என்றார் காக்கா.

"இவர் மூண்டு கிழமை பிந்தி விதைச்சபடியால்தான் பிள்ளை இந்தச் சனியன் இஞ்ச தங்கினது," என்றார் ஐயா.

இரண்டிலும் பாதிப் பாதி உண்மை.

குந்தியிருந்து நெல்லை விலக்கி அடித்தண்டில் தட்டினேன். கபிலப் பொட்டுகளாகத் தண்ணீரில் விழுந்தவை விழுந்த வேகத்திலேயே துள்ளித் திரும்ப ஏறின. அறக்கொட்டி, நெல்லின் சாற்றை உறிஞ்சுகிற பூச்சி. எங்கள் துண்டுப்பிரசுரத்தில் 'கபிலநிறத் தத்தி' என்று போடுவோம். வட்டைக்குள், அதாவது வயல்வெளியில், அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஐயாவின் பயிர் அங்கங்கே வட்டமாகக் காய்ந்து, நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. இரண்டு தரம் மருந்து அடித்த வயல் அது. சிலந்தி தேடினேன், ஒன்றும் இல்லை. காக்காவின் பக்கம் குஞ்சுகளை முதுகில் சுமந்துகொண்டு தண்ணீர் மேல் ஓடியது ஒன்று.

அறக்கொட்டி இலைமடலைக் கீறி உள்ளேதான் முட்டை வைக்கும். மருந்து அங்கே போய்ச் சேராது. வெளியே ஓடித் திரிகிற சிலந்தியும், அந்த முட்டையையே உறிஞ்சுகிற பச்சை நிறச் சிறு பூச்சியும் செத்துப்போகும். ஒரு கிழமை, பத்து நாளில் முட்டை பொரிக்கும்போது காவலுக்கு ஆளில்லை. ஓநாய்ச் சிலந்தி ஒன்று நாளுக்கு 5 முதல் 15 பூச்சி தின்னும். கூலி கேட்காத அந்தக் காவல்காரனைத்தான் காசு கொடுத்துக் கொல்கிறோம். இந்தோனேசியா இதே குழியில் விழுந்து, 1986 இல் நெல்லுக்கு அடிக்கிற 57 பூச்சிநாசினிகளை ஒரே உத்தரவில் நிறுத்தியது. விளைச்சல் விழவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் பூச்சி என்றதும் மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தவள்தான். அந்தத் துண்டுகளை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஐயாவின் குற்றச்சாட்டு இன்னும் கனமானது. அறக்கொட்டியின் ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு மாதம். வட்டை முழுதும் இரண்டு கிழமைக்குள் விதைத்தால் எல்லாம் சேர்ந்து முற்றும், சேர்ந்து வெட்டுப்படும், பூச்சிக்கு அடுத்த சாப்பாடு கிடையாது. ஆளுக்கொரு திகதியில் விதைத்தால் எப்போதும் எங்கேயோ ஒரு வயல் இளசாக இருக்கும். யூரியாவை அள்ளிப் போட்ட வயலென்றால் அதற்கு விருந்துதான். நெருக்கம் கூடினால் நீளச் செட்டையோடு பிறந்து பறக்கும். சொந்த உறுதிக் காணியா, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பேர்மிற் காணியா என்று பார்க்காது.

விதைப்புத் திகதியையும், கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் திறக்கிற திகதியையும் ஆரம்பக் கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்துதான் முடிவெடுக்கிறோம். அங்கே தலையாட்டியவர்கள் வயலுக்கு வந்ததும் வேறு ஆள். காக்கா சோம்பலில் பிந்தவில்லை, அவருக்குத் தண்ணீர் போய்ச் சேரவே 18 நாள் எடுத்தது. மேலே இரவில் வக்கடையை, அதாவது வரம்பில் தண்ணீர் பாய்கிற வாயை, வெட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. ஐயா வெற்றிலைச் சரையைத் தேடத் தொடங்கினார்.

கூட நின்ற அவருடைய மகன் ஏ.எல். உயிரியல் படித்தவர். "வலியது வாழும் எண்டுதானே மிஸ் டார்வினும் சொன்னவர்?" என்றார். அந்தச் சொற்றொடர் ஹேர்பேர்ட் ஸ்பென்சருடையது, 1864 இல் எழுதியது. டார்வின் பிறகு எடுத்துக்கொண்டார். அதுவும் 'தக்கது' என்ற பொருளில். 'வலியது' நாம் போட்ட முலாம்.

வயலில் போட்டி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஏக்கருக்கு 2 புசல் விதைநெல் போதுமென்று சொன்னாலும் 4 புசல் வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். நாற்றுகள் வெளிச்சத்துக்கு முண்டியடித்து நெடுத்து, பக்கத்தண்டு (மட்டம்) வெடிக்காமல், காற்றுக்குச் சாய்ந்துவிடும். அறக்கொட்டிக்கும் அந்த நிழல் பிடிக்கும்.

வரம்போரம் ஐயா போட்டிருந்த கௌபியில் ஒன்றைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் நசுக்கிக் காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு. பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கிறது, செடி சீனி கொடுக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது அடுத்த விஷயம். நைதரசன் கொடுக்காத முடிச்சுக்குப் போகிற ஒட்சிசனைச் சோயாச் செடி குறைத்துவிடும் என்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. செடியும் கணக்குப் பார்த்துத்தான் கூட்டு வைத்திருக்கிறது. எங்கள் கமக்காரர் அமைப்புகளில் தீர்மானம் நிறையப் போடுகிறோம், வக்கடை வெட்டியவருக்கு என்ன என்ற வரிக்கு வந்ததும் தேத்தண்ணி வந்துவிடும்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, முறை வைத்து விடுகிற தண்ணீர் கடைசி வயலில் தொடங்கி மேலே வரட்டும். மற்றது, முறை மீறினால் தண்டப் பணம். தண்ணீர் முறையைப் பார்க்கிற வட்டவிதானை கொப்பியில் எழுதினார்.

"கீழ இருந்து மேல தண்ணி ஏறுமா பிள்ளை?" என்றார் ஐயா.

"ஏறத் தேவல்ல ஐயா," என்றார் காக்கா. "நீங்க ராவையில நித்திர கொண்டாச் சரி."