தடித்த ஸ்டெபிலைசர் பார் போட்டால் கிரிப் ஏறிவிடாது

போன வாரம் ஒரு ஹேட்ச்பேக் ரெக்கவரி வண்டியில் வந்து என் ஷெட் வாசலில் இறங்கியது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற வழியில், மழையில், ஒரு வளைவில் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு சுற்றி ஓரச் சுவரில் இடித்திருக்கிறது. ஓட்டிய தம்பிக்கும் கூட இருந்த நண்பருக்கும் சிராய்ப்போடு போயிற்று. லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் பின் ஆக்ஸிலின் குறுக்கே பளபளவென்று ஒரு புது பார். ஆன்லைனில் வாங்கி, தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மாட்டியிருக்கிறார். முன்னால் இரண்டு புது டயர், பின்னால் இரண்டும் வழுவழு.

"அண்ணா, இது போட்டா வண்டி சாயவே சாயாது, கிரிப் கூடும்னு சொன்னாங்கண்ணா" என்றார் அந்தத் தம்பி. முகம் இன்னும் வெளுத்துப் போய்த்தான் இருந்தது. திட்ட மனசு வரவில்லை. ஆனால் இந்த வருஷம் இதே வாக்கியத்தோடு என்னிடம் வந்த நாலாவது வண்டி இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோவையில் 18 வருஷமாக சஸ்பென்ஷனும் அலைன்மென்ட்டும்தான் என் வேலை. ஆன்டி-ரோல் பார், ஸ்வே பார், ஸ்டெபிலைசர் பார் எல்லாம் ஒன்றேதான். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கிற, முறுக்கினால் எதிர்த்து நிற்கிற ஒரு எஃகுக் கம்பி. இன்ஜின் ரூமில் இரண்டு ஸ்ட்ரட்டுக்கும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேலே குறுக்கே போடுகிறார்களே, அந்த ஸ்ட்ரட் பார் வேறு. அதை மாட்டிவிட்டு "ஸ்டெபிலைசர் போட்டாச்சுங்க" என்று வருகிறவர்களும் உண்டு. அதனால் ஆபத்து ஏதுமில்லை என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இப்போது, கிரிப் கூடும் என்ற பேச்சு. இதைத்தான் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

ஒரு கணக்கு போடுவோம். 1000 கிலோ வண்டி. நிற்கும்போது முன் டயர்கள் தலா 300 கிலோ, பின் டயர்கள் தலா 200 கிலோ சுமக்கின்றன என்று வையுங்கள். ஒரு வளைவில் போகும்போது உள்பக்க டயர்களிலிருந்து வெளிப்பக்க டயர்களுக்கு மொத்தம் 200 கிலோ சுமை மாறுகிறது. இந்த 200 எதனால் வருகிறது? வண்டியின் எடை, எடைமையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடது வலது சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு அகலம், வளைவை எவ்வளவு வேகமாக எடுக்கிறீர்கள், இந்த நாலும்தான். இந்தக் கணக்கில் பாருக்கு இடமே இல்லை. நீங்கள் எவ்வளவு தடித்த பார் போட்டாலும் அந்த 200 கிலோ மாறத்தான் செய்யும், பாடி சாய்ந்தாலும் மாறும், சாயாவிட்டாலும் மாறும்.

பார் செய்வதெல்லாம் அந்த 200-ஐ முன்னாலும் பின்னாலும் பங்கு போடுவதுதான். கம்பெனியில் வந்தபடி முன்னால் 120, பின்னால் 80 என்று இருந்தது என்று வையுங்கள். முன் டயர்கள் 420-ம் 180-ம் ஆகும், பின் டயர்கள் 280-ம் 120-ம் ஆகும். இப்போது பின்னால் தடித்த பார் மாட்டுகிறீர்கள், பங்கு தலைகீழாகி முன்னால் 80, பின்னால் 120 என்று ஆகிறது. முன் டயர்கள் 380, 220. பின் டயர்கள் 320, 80. கூட்டிப் பாருங்கள், மாறியது அதே 200தான்.

அப்புறம் டயரின் குணம் ஒன்று இருக்கிறது. சுமை இரண்டு மடங்கானால் பிடி இரண்டு மடங்கு ஆகாது, அதைவிடக் குறைவாகத்தான் ஏறும். ஆகவே 280-ம் 120-ம் சுமக்கிற ஜோடி சேர்ந்து கொடுக்கிற பிடியை, 320-ம் 80-ம் சுமக்கிற ஜோடியால் கொடுக்க முடியாது. பின்பக்கத்துப் பிடி குறைந்துவிட்டது, முன்பக்கத்துப் பிடி கொஞ்சம் கூடிவிட்டது. மூக்கு சட்டென்று திரும்புகிறது, "ஹேண்ட்லிங் வந்துடுச்சு" என்று கைக்குத் தெரிகிறது. தெரிவது உண்மைதான். ஆனால் அது பின்பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்த பிடி என்பது மழையில் தெரியும்.

சாய்வு குறைவதால் நன்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஸ்டியரிங் திருப்பியவுடன் வண்டி சுணங்காமல் கேட்கும், முன் ஸ்ட்ரட் வண்டிகளில் பாடி அதிகம் சாய்ந்தால் வெளிப்பக்க டயர் ஓரத்தில் மட்டும் தேய்ந்து ஓடும், அதுவும் குறையும். கம்பெனிக்காரர்கள் பொதுவாக முன்சக்கரம் இழுக்கிற சின்ன வண்டிகளை, டயர் பிடியின் எல்லை தாண்டினால் மூக்கு நேராகப் போகிற மாதிரிதான் அமைக்கிறார்கள். காரணம், சாதாரண ஆள் பயந்தால் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுவார், மூக்கு வழுக்குகிற வண்டி அப்போது தானாகவே வளைவுக்குள் திரும்பி வரும். பின்பக்கம் வழுக்குகிற வண்டியில் காலை எடுத்தால் சுமை இன்னும் முன்னால் போகும், பின்பக்கம் இன்னும் லேசாகும், சுற்றிவிடும். அந்தத் தம்பி வளைவின் நடுவில் எதிரே பஸ் வந்ததும் செய்தது அதைத்தான், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

என்னிடம் வேலை பழகுகிற பையன்களுக்கு ஷெவ்ரலே கார்வேர் கதையைச் சொல்வேன். 1960 மாடலாக அமெரிக்காவில் வந்த வண்டி, இன்ஜின் பின்னால், எடை பின்னால். முன் ஸ்டெபிலைசர் பார் இல்லாமலே விற்றார்கள். அதைச் சமாளிக்க முன் டயரில் 15 பி.எஸ்.ஐ., பின் டயரில் 26 பி.எஸ்.ஐ. காற்று வைக்கச் சொன்னார்கள். நாலு டயருக்கும் ஒரே காற்று அடித்துவிட்டால் அந்த ஏற்பாடு குலைந்துவிடும். பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போகிறது என்று பெரிய சர்ச்சை, வழக்குகள். 1964 மாடலில் முன்னால் ஒரு பார் சேர்த்தார்கள், 1965-இல் பின் சஸ்பென்ஷனையே மாற்றினார்கள். பின்பக்கம் வழுக்குகிற வண்டிக்கு மருந்தாக முன்னால்தான் பார் போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். முன்னாலோ பின்னாலோ, எந்தப் பக்கம் பார் கெட்டியாகிறதோ அந்தப் பக்கம் பிடி குறையும். இது ஒன்று மனதில் நின்றால் போதும், கடைக்காரர் சொல்வதில் எது சரி எது தப்பு என்று நீங்களே பிரித்துவிடலாம்.

அடுத்து, "2 எம்.எம்.தானே கூடுதல்" என்கிற பேச்சு. முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 எம்.எம். பாரை 22 ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழ 46 சதவீதம் கூடும். 24 ஆக்கினால் இரண்டு மடங்குக்கும் மேல். பார்வைக்கு ஒரு பென்சில் முனை வித்தியாசம், வண்டிக்கு வேறு குணம். உள்ளே குழல் மாதிரி இருந்தால் விறைப்பு அதிகம் குறையாமல் எடை நன்றாகக் குறையும், அதனால் வெளிவிட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், விற்பவரிடம் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

ஸ்விஃப்ட், ஐ20, போலோ மாதிரி நம்மூர் ஹேட்ச்பேக்குகளுக்குப் பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கிற குறுக்குச் சட்டம் இருக்கிறது. வண்டி சாயும்போது அந்த பீமே முறுக்கிக்கொண்டு ஸ்டெபிலைசர் வேலையையும் செய்கிறது. "பின்னாடி பாரே குடுக்கல, கம்பெனி காசு மிச்சம் புடிச்சிருக்கு" என்று சொல்லி விற்கிறார்கள். பார் இருக்கிறது ஐயா, பீமுக்குள் இருக்கிறது! அதற்கு மேல் இன்னொன்று கட்டினால் கம்பெனி போட்ட கணக்கை நீங்கள் மாற்றுகிறீர்கள் என்று தெரிந்து கட்டுங்கள்.

இன்னொன்றும் நம் ரோட்டுக்கு முக்கியம். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் பார் சும்மா சுற்றிக்கொண்டு இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் மறுசக்கரத்தையும் இழுக்கும். பார் தடிக்கத் தடிக்க இந்த இழுப்பு கூடும், வண்டி பக்கவாட்டில் தலையாட்டும். ஒரு பக்கம் மட்டும் உடைந்து கிடக்கிற ரோட்டில் தினமும் போகிறவருக்கு முதுகில் தெரியும்.

சரி, அப்படியென்றால் வண்டி ஏன் சாய்கிறது, ஏன் அலைகிறது? ஹேண்ட்லிங் சரியில்லை, பார் போடலாம் என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான் பார் போடுவதே இல்லை. பாரின் முனையைச் சஸ்பென்ஷனோடு இணைக்கிற குட்டிக் கம்பி, லிங்க், தேய்ந்திருக்கும். மெதுவாகப் போகும்போது குண்டும் குழியுமான ரோட்டில் "டக் டக்" என்று சத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். லிங்க்கில் ஆட்டம் இருந்தால் பாரின் முதல் கொஞ்ச வேலை வீணாகிறது, அப்போது நீங்கள் எத்தனை எம்.எம். போட்டும் பயனில்லை. பாரைப் பிடித்திருக்கிற புஷ் ரப்பர் கல்லாகிப் போயிருக்கும். ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிந்திருக்கும். லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கும். டயர் பக்கவாட்டில் டாட் (DOT) எழுத்துகளின் கடைசியில் நாலு எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. அந்த எண்ணைப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். இதையெல்லாம் சரிசெய்து காற்றையும் கதவோர ஸ்டிக்கரில் போட்டபடி வைத்து ஒரு அலைன்மென்ட் பார்த்துக் கொடுத்தால், பத்தில் ஏழு பேர் "பார் வேண்டாம்ணா, இதுவே நல்லா இருக்கு" என்று போய்விடுகிறார்கள். இது என் ஷெட் அனுபவம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் பார் வேண்டும் என்றால், தாராளமாகப் போடுங்கள், நானே மாட்டித் தருவேன். ஓட்டை மாற்றி வைக்கிற மாதிரி, அட்ஜஸ்ட் செய்கிற பாராக வாங்குங்கள். கை நீளமாக இருக்கிற ஓட்டை மென்மை, குட்டையாக இருக்கிற ஓட்டை கெட்டி. மென்மையில் தொடங்குங்கள், இரண்டு பக்கமும் ஒரே ஓட்டையில். வண்டி சமதளத்தில் தன் சக்கரங்களில் நிற்கும்போது லிங்க் போல்ட் கையாலேயே நுழைய வேண்டும், கடப்பாரை போட்டு நெம்பித்தான் நுழைகிறது என்றால் பார் ஏற்கெனவே முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம், வண்டி ஒரு பக்க வளைவில் ஒரு மாதிரியும் மறுபக்க வளைவில் வேறு மாதிரியும் நடக்கும். ஸ்டியரிங்கை முழுசாக இரு பக்கமும் ஒடித்து, பிரேக் ஹோஸ், டிரைவ் ஷாஃப்ட், சைலன்சர் பைப் எதிலும் பார் படவில்லை என்று பாருங்கள். பிராக்கெட் பிடித்திருக்கிற தகட்டில் விரிசல் விடுகிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள், தடித்த பார் அந்த இடத்தில்தான் தன் பலத்தைக் காட்டும். உங்கள் வண்டியில் ஈ.எஸ்.பி. (வழுக்கும்போது தானாக பிரேக் பிடித்து வண்டியை நிலைப்படுத்துகிற எலக்ட்ரானிக் ஏற்பாடு) இருக்கிறது என்று நம்பி இதையெல்லாம் விடாதீர்கள். கம்பெனி சஸ்பென்ஷனை வைத்துத்தான் அதற்கு அளவு வைத்திருப்பார்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பார் ஆர்.சி.யில் வருகிற விவரம் இல்லைதான், ஆனாலும் க்ளெயிம் நேரத்தில் வாக்குவாதம் செய்வதைவிட முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

புது பாரை மலைப்பாதையில் சோதிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். வால்பாறை ஏறும்போது 40 கொண்டை ஊசி, கொல்லிமலையில் 70. அவை குடும்பத்தோடு பஸ்ஸில் போகிறவர்களின் பாதை. வண்டியின் எல்லையைத் தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டையில் டிராக் இருக்கிறது, அங்கே ஓட்டக் கிடைக்கிற நாளில் போய் ஓட்டுங்கள்.

கூடப் பிழைக்கிற மெக்கானிக் நண்பர்களுக்கும் ஒன்று. லிங்க் உடைந்து வந்த வண்டியில் லிங்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு "இப்ப குலுங்கல் இல்லீங்க பாருங்க" என்று அனுப்பாதீர்கள். பார் இல்லாமல் ஓடுகிற உயரமான வண்டி, மேலே கேரியரில் சாமான், உள்ளே ஏழு பேர், பைபாஸில் திடீரென்று ஒரு மாடு குறுக்கே. லிங்க் விலை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். வாடிக்கையாளரிடம் காசு இல்லையென்றால் அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மாட்டி அனுப்புங்கள்.

அந்தத் தம்பியின் வண்டி நேற்று வெளியே போனது. பின் பாரைக் கழற்றிவிட்டோம். நல்ல டயர் இரண்டையும் பின்னால் மாற்றினோம், ஏனென்றால் இரண்டே டயர் வாங்கினாலும் முன்சக்கர வண்டிக்கும் நல்லது பின்னால்தான் போக வேண்டும். பின்னாலிருந்து கழற்றிய இரண்டும், காடியின் ஆழம் 1.6 எம்.எம்.-க்குக் கீழே போகும் அளவுக்குத் தேய்ந்திருந்தன, முன்னால் போடவும் லாயக்கில்லை. புதிதாக இரண்டு வாங்கி வந்தார். இரண்டு முன் லிங்க்கும் மாற்றினோம். கழற்றிய பாரை டிக்கியில் வைக்கட்டுமா என்று பையன் கேட்டதற்கு, "இங்கேயே இருக்கட்டும்ணா" என்றார்.