மந்திரவாதியின் பலம் ஓய்வில் இருக்கிறது

பகடை உருட்டி ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டில் மந்திரவாதி கிளாஸை, அதாவது ஆட்டக்காரர் எடுக்கும் அந்தப் பாத்திர வகையைத் திருத்த உட்காருகிறவர்கள் முதலில் மந்திரப் பட்டியலில்தான் கை வைக்கிறார்கள். ஃபயர்பால் என்ற நெருப்புக்குண்டு மந்திரத்தின் சேதத்தைக் குறைக்கிறார்கள், பறக்கும் மந்திரத்தை இன்னும் சில லெவல் தள்ளிப் போடுகிறார்கள். அதற்கப்புறமும் ஒரு மேசையில் மந்திரவாதி மற்ற எல்லாரையும் ஓரங்கட்டுகிறார், இன்னொரு மேசையில் செய்ய ஒன்றுமில்லாமல் நிற்கிறார். செலவழித்த மந்திரம் எப்போது திரும்பக் கிடைக்கிறது என்பதுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இவ்வகை விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் 5ஆம் லெவல் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு 9 ஸ்பெல் ஸ்லாட், அதாவது ஒன்பது முறை மந்திரம் சொல்லும் வாய்ப்பு. மந்திரத்தின் பலத்தைப் பொறுத்து முதல் நிலையில் 4, இரண்டாம் நிலையில் 3, மூன்றாம் நிலையில் 2. நாளின் நடுவே எடுக்கும் குறுகிய ஓய்வில் கொஞ்சம் மீட்டுக்கொள்ளும் வசதியும் உண்டு, அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். ஃபயர்பால் மூன்றாம் நிலை மந்திரம். ஆறு முகப் பகடை எட்டு உருட்ட வேண்டும், சராசரி 28. எதிரி தப்பிப்பதற்கான பகடையில் வென்றால் பாதிச் சேதம்தான். பத்தில் ஆறு முறை அவர் தோற்பார் என்று வைத்தால், ஓர் எதிரிக்கு சராசரி 22.4. மூன்று பேர் ஃபயர்பால் வெடிக்கும் வட்டத்துக்குள் அகப்பட்டால் மொத்தம் 67. அதே லெவலில் பெரிய வாளோடு இரண்டு வெட்டு வெட்டும் வீரர், 65 சதவீத வெட்டுகள் பட்டால், ஒரு சுற்றில் சுமார் 15 சேதம் தருவார். ஆக, ஒரே ஃபயர்பால் வாள்வீரரின் நாலரைச் சுற்று உழைப்புக்குச் சமம்.

நாள் முழுக்க ஒரே ஒரு சண்டை என்றால் மந்திரவாதி முதல் இரண்டு சுற்றில் இரண்டு ஃபயர்பாலையும் வீசிவிடுவார், கதை அங்கேயே முடிந்துவிடும். அதே நாளில் ஆறு சண்டை, சண்டைக்கு மூன்று சுற்று என்றால் மொத்தம் 18 சுற்று. இரண்டில் ஃபயர்பால், ஏழில் சின்ன மந்திரங்கள். மீதி ஒன்பது சுற்றும் கேன்ட்ரிப்தான், அதாவது ஸ்லாட் செலவில்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லக்கூடிய மந்திரம். அவற்றில் ஒன்றான நெருப்பு அம்புக்குப் பத்து முகப் பகடை இரண்டு, படாமல் போவதையும் சேர்த்துச் சராசரி 7. வீரர் தருவதில் பாதிகூட இல்லை. ஒரு மந்திரம்கூட மாறவில்லை, ஆனால் இரண்டு நாளிலும் நாம் பார்ப்பது வேறு வேறு கிளாஸ். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்கான அந்தப் பதிப்பின் கையேடு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு சண்டை வரை கணக்கு வைத்திருக்கிறது. ஒன்றிரண்டோடு நாளை முடித்துக்கொள்ளும் குழுவில் மந்திரவாதி மிதமிஞ்சித் தெரிவதில் ஆச்சரியமே இல்லை.

பழைய பதிப்புகளை வரிசையாகப் பார்த்தால் வடிவமைப்பாளர்கள் மறுபடி மறுபடி மந்திரம் திரும்பக் கிடைக்கும் இந்தக் கடிகாரத்தோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1974இன் முதல் பதிப்பில் மந்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டும், சொன்னதும் அது மறந்துபோகும். எழுத்தாளர் ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து வந்த யோசனை அது. 2008 பதிப்பு எல்லா கிளாஸுக்கும் எப்போதும், சண்டைக்கு ஒருமுறை, நாளைக்கு ஒருமுறை என்று மூன்று வகையாகத் திறன்களைப் பிரித்தது. 2014இல் வார்லாக் என்ற இன்னொரு மந்திர கிளாஸுக்குச் சில ஸ்லாட்டுகளே தந்து, அவை குறுகிய ஓய்விலேயே திரும்பும்படி வைத்தார்கள்.

ஸ்லாட்டைத் தூக்கிவிட்டுப் புள்ளிகள் வைத்தால் என்ன என்று பலருக்கும் தோன்றும். 2014 கையேட்டிலேயே அப்படியொரு விருப்ப விதி இருக்கிறது. முதல் நிலைக்கு 2 புள்ளி, இரண்டாம் நிலைக்கு 3, மூன்றாம் நிலைக்கு 5. மேலே சொன்ன 9 ஸ்லாட்டுக்கு ஈடாக 27 புள்ளி கிடைக்கும். கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் வரும். ஆனால் 27 புள்ளியில் ஐந்து ஃபயர்பால் வீசலாம்! ஸ்லாட் என்பது வெறும் அளவு மட்டுமல்ல, பெரிய மந்திரத்தையே திரும்பத் திரும்பப் போடவிடாத தடையும்கூட. புள்ளிக்கு மாற்றும்போது அந்தத் தடை சத்தமில்லாமல் போய்விடுகிறது.

பகடை போட்டு மந்திரம் சொல்லும் முறை எனக்கு இதைவிடப் பிடிக்கும், ஒவ்வொரு முறையும் ஆபத்து இருப்பதால். ஜெயித்தால் மந்திரம் கையிலேயே இருக்கும், தோற்றால் அன்றைக்கு அது போச்சு. இருபது முகப் பகடையில் 6 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்றால் வெற்றி வாய்ப்பு 75 சதவீதம். தோற்பதற்குள் சராசரியாக எத்தனை முறை பலிக்கும்? வெற்றி வாய்ப்பைத் தோல்வி வாய்ப்பால் வகுக்க வேண்டும்: மூன்று. பகடையோடு 1 கூட்டிக்கொள்ள அனுமதித்தால் அது நான்காகும். 2 கூட்டினால் சுமார் 5.7. 3 கூட்டினால் 9. 4 கூட்டினால் 19! வாள்வீரருக்கு ஒரு +1 கிடைத்தால் அவர் வெட்டு படும் வாய்ப்பு ஐந்து சதவீதப் புள்ளி ஏறும், அவ்வளவுதான். இங்கே அதே +1 கடைசிப் படியில் மந்திரங்களை இரட்டிப்புக்கு மேல் ஆக்கிவிடுகிறது. இந்த முறையை எடுத்துக்கொள்கிறவர்கள் லெவல் ஏறும்போது அந்த எண்ணைத் தொடவே கூடாது, அல்லது பெரிய மந்திரங்களுக்கு இலக்கையும் கூடவே ஏற்ற வேண்டும்.

நான் திருத்துவதாக இருந்தால் கடிகாரத்தை இரண்டாகப் பிரிப்பேன். 5ஆம் லெவலில் சின்ன ஸ்லாட் இரண்டு ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் திரும்பட்டும், பெரியவை இரண்டு நாளைக்கு ஒருமுறை மட்டும். ஒரு சண்டை நாளில் 4 மந்திரம், ஆறு சண்டை நாளில் 14. சண்டைக்குச் சராசரி நான்கிலிருந்து 2.3க்கு இறங்குகிறது. பழைய முறையில் அது ஒன்பதிலிருந்து ஒன்றரைக்கு விழுந்தது.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. காயம் ஆற்றும் மந்திரம் சின்ன ஸ்லாட்டில் வருவதென்றால், சண்டைக்குச் சண்டை குழு மொத்தமும் இலவசமாகக் குணமாகிக்கொண்டே போகும். அப்புறம் நாள் எவ்வளவு நீண்டாலும் யாருக்கும் களைப்பே வராது. பூட்டுத் திறப்பது, மனதைப் படிப்பது போன்றவையும் அப்படித்தான். அதனால் திரும்பக் கிடைக்கும் ஸ்லாட்டை எதிரியை நேரடியாகத் தாக்கும் மந்திரங்களுக்கு மட்டும் ஒதுக்கி, மற்றதையெல்லாம் நாள் கணக்கில் வைக்க வேண்டும். ஒரே குழுவை முதலில் ஒரு சண்டை நாளிலும் பிறகு ஆறு சண்டை நாளிலும் ஆடவிட்டு, இரண்டு நாளும் மந்திரவாதியின் சேதத்தை வீரரின் சேதத்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டு விடைகளும் வெகுதூரம் விலகியிருந்தால் மாற்ற வேண்டியது ஸ்லாட்டுகளின் பங்கீடு, மந்திரங்களின் சேதம் அல்ல.