இருபது பாகத்திலிருந்து ஏறும் களவாவைத் திருப்பி விடுவது எப்படி?

புதுச்சேரி, கடலூர் கடலில் ஆழத்தைத் தேடி நெடுந்தூரம் ஓட வேண்டியதில்லை. கரையை ஒட்டிய ஆழங்குறைந்த கடலடியான கண்டத்திட்டு இங்கே குறுகல். அதைத் தாண்டினால் கடலடிப் பள்ளத்தாக்குகள். தேங்காய்த்திட்டிலிருந்தோ கடலூர் முதுநகரிலிருந்தோ விடியலில் கிளம்பும் ஃபைபர் படகு, வெயில் ஏறுவதற்குள் பதினைந்து இருபது பாகத்தில் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) உள்ள பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத்திட்டுக்கு, மேல் போய் நின்றுவிடும். களவா, செப்பிலி, விளமீன் போன்ற மீன்கள் எல்லாம் அந்தப் பாரை ஒட்டித்தான் கிடக்கும். தொழிலுக்குப் போகிறவர்களோடு, பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்களும் இப்போது அங்கே வருகிறார்கள். அவர்களில் பலர் சிறிய மீனை எடுத்துப்போக மனமில்லாமல் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் விடும் முறை தவறு. படகோரமாக எறியப்பட்ட களவா வயிறு மேலாக மிதக்கும். வாலை நாலு தரம் அடிக்கும். கீழே போக முடியாது. பருந்து கொத்தாவிட்டாலும் வெயிலே அதை முடித்துவிடும். விட்டவருக்கோ மீன் பிழைத்துவிட்டது என்ற நம்பிக்கை.

காரணம் மீனின் காற்றுப்பை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும், அதாவது ஏறக்குறைய ஐந்தரை பாகத்துக்கு, ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. இருபது பாகம் என்றால் 36 மீட்டர். அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப்போல நாலரை மடங்குக்கும் அதிகம். அந்த ஆழத்தில் அளவாக இருந்த காற்று, மீன் மேலே வந்து சேரும்போது நாலரை மடங்காக உப்புகிறது. கடல்மீனின் காற்றுப்பை உடல் பருமனில் சுமார் 5 சதவீதம். 2 கிலோ களவாவுக்கு 100 மில்லி என்று வைத்துக்கொண்டால், மேலே வரும்போது அது 450 மில்லியைத் தாண்டும். அவ்வளவு காற்றுக்கு வயிற்றுக்குள் இடமில்லை. பை கிழிந்து காற்று உடற்குழிக்குள் பரவும். இரைப்பை வாய்வழியே வெளியே பிதுங்கும். கண் புடைக்கும், வயிறு கல்லாக இறுகும், சில மீன்களுக்கு ஆசனவாய்வழியே குடலும் தள்ளும்.

எல்லா மீனுக்கும் இப்படி ஆவதில்லை. வஞ்சிரத்துக்குக் காற்றுப்பையே கிடையாது, சூரையில் பல வகைக்கும் கிடையாது. கெளுத்திக்குக் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. காற்று மிஞ்சினால் வாய்வழியே விட்டுவிடும். களவா, செப்பிலி, விளமீன், கொடுவா ஆகியவற்றின் பை முழுக்க மூடியது. காற்றைக் கூட்டுவதும் குறைப்பதும் இரத்தத்தின் வழியேதான். அதற்கு மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும்.

அதனால்தான் "மெதுவாக இழுத்தால் மீன் பழகிக்கொள்ளும்" என்று படகுகளில் சொல்லப்படுவது சரியில்லை. ஐந்து நிமிடத்தில் இழுத்தாலும் பத்து நிமிடத்தில் இழுத்தாலும் இந்த மீன்களின் பைக்கு அது ஒன்றுதான். மெதுவாக இழுத்தால் மீன் கூடுதலாகக் களைத்துப்போகும், அவ்வளவே. இதைவிட மோசமானது, வாயில் பிதுங்கி நிற்கும் பையைக் கத்தி முனையால் குத்துவது. அது காற்றுப்பை இல்லை, இரைப்பை. குத்தினால் காற்று பெரிதாக இறங்காது. மீனுக்கு இரைப்பையில் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம். கையால் உள்ளே தள்ளவும் வேண்டாம். மீன் ஆழத்துக்குத் திரும்பியதும் அது தானாக உள்ளே போய்விடும்.

ஆக, செய்ய வேண்டியது மீனை ஆழத்துக்கே கொண்டுபோய் விடுவது. 10 மீட்டர் இறங்கினாலே உப்பிய காற்று பாதியாகிறது. 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அங்கிருந்து மீன் தன் பலத்திலேயே நீந்திப் போய்விடும். முடிந்தால் தரைவரை இறக்குவது நல்லது. குறைந்தது 60 அடியாவது இறக்க வேண்டும். அமெரிக்காவில் மெக்சிகோ வளைகுடாவின் பார் மீன்களைப் பிடிக்கும் படகுகள் இதற்கான கருவியையோ காற்றை இறக்கும் ஊசியையோ தயாராக வைத்திருக்க வேண்டும் என்று 2022இல் ஒரு சட்டமே நடைமுறைக்கு வந்தது. நமக்கு அந்தக் கருவியை விலைகொடுத்து வாங்கும் தேவையில்லை. படகில் கிடக்கும் சாமான்களே போதும்.

மீன் அள்ளும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் ஓட்டை உள்ளதாக இருக்கட்டும். மூடிய கிரேட் உள்ளே காற்றைச் சிறைபிடித்து மிதக்கும். அதைக் கவிழ்த்து, திறந்த வாயின் நாலு மூலையிலும் அரைக் கிலோ ஈயம் ஒவ்வொன்றாகக் கட்டுங்கள். மேலே வந்த அடிப்பாகத்தின் நாலு மூலையிலிருந்தும் கயிறு எடுத்து ஒரு வளையத்தில் சேர்த்து, அந்த வளையத்தில் 5 மி.மீ. கயிறு கட்டுங்கள். கயிற்றில் பாகத்துக்கு ஒரு முடிச்சு போட்டுவைத்தால் எவ்வளவு இறங்கியது என்று கைக்கே தெரியும். மீனைத் தண்ணீரில் வைத்து அதன்மேல் கிரேட்டைக் கவிழ்த்து, நிறுத்தாமல் இறக்க வேண்டும். மீன் மேல்நோக்கி முட்டிக்கொண்டே கிரேட்டோடு கீழே போகும். மிதப்பு குறைந்ததும் திறந்த அடிப்பக்கமாக வெளியேறிவிடும். தரையில் இடித்ததும் கிரேட்டை ஒரு பாகம் தூக்கிக் கொஞ்சநேரம் வைத்திருந்துவிட்டு மேலே இழுக்கலாம். 2 கிலோ மீனை மிதக்கவைக்கும் விசை அரைக் கிலோவுக்கும் குறைவு என்பதால் இந்த 2 கிலோ ஈயம் தாராளம். நீவாடு (கடல் நீரோட்டம்) பலமாக இருந்தால் மட்டும் இன்னும் ஒரு கிலோ சேர்க்க வேண்டியிருக்கும். இல்லையென்றால் கிரேட் நேராக இறங்காமல் சாய்ந்துபோகும், மீன் பாதியிலேயே நழுவி மேலே வந்துவிடும்.

சிறிய படகில் கிரேட்டுக்கு இடமில்லையென்றால் ஒரு தூண்டில் முள் போதும். பெரிய முள்ளாக எடுத்து, அதன் எதிர்முள்ளை (முனையருகே பின்நோக்கி நிற்கும் சிறு கூரை) குறடால் நசுக்கித் தட்டையாக்குங்கள். இறக்கும் கயிற்றை முள்ளின் கண்ணில் கட்டாமல் வளைவில் கட்ட வேண்டும். கண்ணிலிருந்து அரை முழம் நூல் விட்டு ஒன்றரைக் கிலோ ஈயத்தைத் தொங்கவிடுங்கள். இப்போது முள்ளின் கூர்முனை கீழ்நோக்கி நிற்கும். மீனின் கீழ்த்தாடைச் சவ்வில், முன்பு முள் ஏறிய ஓட்டை இருந்தால் அதிலேயே, மாட்டிக் கீழே விட்டால் தலை முன்னாகப் போகும். தரை தட்டியதும் கயிற்றை வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டினால் முள் கழன்றுவிடும். எதிர்முள்ளைச் சரியாக நசுக்காததுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. முள் கழலாமல் அதே மீன் மறுபடியும் மேலே வரும்.

எந்த முறையானாலும் மீன் தண்ணீருக்கு வெளியே இரண்டு நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கிரேட் முதல் மீன் ஏறுவதற்கு முன்பே கட்டித் தயாராக இருக்க வேண்டும். மீனை ஈரக்கையால், தலையிலும் அடிவயிற்றிலும் தாங்கிப் பிடியுங்கள். படம் எடுப்பதற்காகத் தாடையைப் பிடித்துத் தொங்கவிட்டால் முதுகெலும்பு மூட்டு விலகக்கூடும். வெயிலில் காய்ந்த பலகையில் போட்டால் தோலின் வழவழப்பு போய்விடும். கீழே ஒரு ஈரச்சாக்கு விரியுங்கள்.

ஊசியால் காற்றை இறக்கும் முறையும் உண்டு. 16 கேஜ் துளை ஊசியைப் பக்கத்துடுப்பின் அடிக்குப் பின்னால் ஓர் அங்குலம் தள்ளி, செதிலுக்கு அடியில் 45 டிகிரி சாய்வாக, காற்று சீறும் சத்தம் கேட்கும்வரை மட்டும் செலுத்துவது. பழகாத கை இதைச் செய்ய வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கொஞ்சம் ஆழம் கூடினால் உள்ளுறுப்பில் குத்தும். ஊசி சுத்தமில்லையென்றால் புண் சீழ்பிடிக்கும். கீழே இறக்கும் முறையில் இந்த ஆபத்து எதுவும் இல்லை.

விட வேண்டிய மீனே குறைவாக ஏறும்படி பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. முனை உள்பக்கம் வளைந்த வட்ட முள்ளில் 8/0 அளவு போட்டு, முழு மத்தியோ நீளக் கணவாய்த் துண்டோ கோத்தால் பொடிக்களவா அதிகம் மாட்டாது. வட்ட முள்ளுக்குச் சுண்டி இழுக்கக்கூடாது. நூல் கனத்ததும் நிதானமாக இறுக்கினால் வாயோரத்தில் தானே ஏறும். ஈயம் நூலை நேராக நிறுத்தும் கனத்தில் இருக்கட்டும்: இருபது பாகத்தில் அமைதியான நீவாட்டுக்கு 300 கிராம், ஓட்டம் இருந்தால் 500. நூல் சாய்ந்து கிடந்தால் கொத்துவது கைக்குத் தெரியாது, மீன் முள்ளை விழுங்கிவிடும். ஈயத்தை முதன்மை நூலைவிட மெல்லிய தங்கூசியில் (நைலான் நூலில்) கட்டுங்கள். பாரில் சிக்கினால் ஈயம் மட்டும் அறும், முள்ளோடு நூல் கடலடியில் கிடக்காது. முள் ஏறியதும் முதல் இரண்டு பாகத்தை விரைந்து இழுத்துவிட வேண்டும், இல்லையேல் களவா பொந்துக்குள் புகுந்து செவுளை விரித்து நின்றுகொள்ளும். ஒரே இடத்தில் அடுத்தடுத்துப் பொடியே ஏறினால் படகை நகர்த்துங்கள்.

விழுங்கிய முள்ளைப் பிடுங்கவேண்டாம், வாயருகே நூலை அறுத்துவிடலாம். செவுள் கிழிந்து இரத்தம் கொட்டுகிற மீனை விட்டுப் பயனில்லை. அதை உடனே மீனுக்குச் சம எடை ஐஸில் போடுங்கள்.

எதை விடுவது என்பதில் களவாவுக்கும் கொடுவாவுக்கும் கணக்கு தலைகீழ். களவா பெண்ணாக முதிர்ந்து, பெருத்தபின் ஆணாக மாறும். பொடியையே அள்ளினால் முட்டையிடும் மீன் குறையும், பெரிதையே அள்ளினால் ஆண் குறையும். கொடுவா ஆணாகத் தொடங்கிப் பல வருடம் கழித்துப் பெண்ணாகும்; முகத்துவாரத்தில் ஏறும் ஏழெட்டு கிலோ கொடுவா பெரும்பாலும் முட்டைக்காரி. தென்பெண்ணை, கெடிலம், உப்பனாற்று வாய்களில் இரண்டு மூன்று பாகத்துக்குள் பிடிபடும் கொடுவாவுக்குக் காற்று பெரிதாக உப்பியிருக்காது. அதற்குக் கிரேட் தேவையில்லை. நீரோட்டத்துக்கு எதிராக முகம் வைத்துத் தாங்கிப் பிடித்து, வாலை வலுவாக அடித்துக் கையைத் தள்ளும்போது விட்டால் போதும்.