கார்ட்டூனில் யாருக்கு முகம் இருக்கிறது?

டாம் அண்ட் ஜெர்ரி பார்க்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. அதில் டாமைத் துடைப்பத்தால் விரட்டும் ஒரு பெண் வருவார், ஞாபகம் இருக்கிறதா? தடித்த கால்கள், வீட்டுச் செருப்பு, இடுப்பில் ஏப்ரன். முகத்தை மட்டும் அநேகமாகக் காட்டவே மாட்டார்கள். 1940-இல் வந்த முதல் படத்திலிருந்தே இருந்த அந்தக் கறுப்பினப் பணிப்பெண்ணுக்கு மேமி டூ ஷூஸ் என்று பெயர். 1952 வரை வந்தார், கத்தினார், எலியைக் கண்டு நாற்காலி மேல் ஏறினார், அவ்வளவுதான். லில்லியன் ராண்டால்ஃப் என்ற நல்ல நடிகைதான் குரல் கொடுத்தார். இது எங்களைக் கேலி செய்கிறது என்று கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபி எதிர்த்தது. பிறகு 1960-களில் டிவிக்காகச் சில படங்களில் அவரை எடுத்துவிட்டு ஒல்லியான வெள்ளைக்காரப் பெண் ஒருவரை வரைந்து சேர்த்தார்கள். கேலி செய்வதை நிறுத்தச் சொன்னால் ஆளையே தூக்கிவிட்டார்கள், பாருங்கள்.

நான் லண்டனில் குழந்தைகள் உளவியலாளராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் நைஜீரியா, கானா, ஜமைக்காவைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பங்கள் நிறைய, தமிழ்க் குடும்பங்களும் நிறைய. ஊசி என்றாலே அலறும் குழந்தை, ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளும் குழந்தை, பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். அந்த வயதில் நேராகக் கேட்டால் பதில் வராது, அதனால் பொம்மைகளையும் கிரேயான்களையும் கொடுத்து, உன்னையே வரைந்து காட்டு என்போம். நல்ல கறுத்த நிறமுள்ள ஐந்து வயதுக் குழந்தை தன் முகத்துக்கு வெளிர் ரோஸ் கிரேயானை எடுப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு படத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது, கைக்கு முதலில் கிடைத்தது அதுவாகக்கூட இருக்கலாம். ஆனால் அதே குழந்தை பொம்மைகளை வைத்து விளையாடும்போது டாக்டர் கோட்டு ஒவ்வொரு தடவையும் வெள்ளைப் பொம்மைக்கே போய், திருடன் வேடம் கறுப்புப் பொம்மைக்கே வருகிறது என்றால் கவனிக்கத்தான் வேண்டும்.

எங்கள் துறையில் இது பழைய கதை. 1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி, மூன்றிலிருந்து ஏழு வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம் நிறம் தவிர எல்லா வகையிலும் ஒரே மாதிரியான பொம்மைகளைக் கொடுத்து, எது நல்ல பொம்மை, எது மோசமான பொம்மை என்று கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் நல்லது என்று காட்டியது வெள்ளைப் பொம்மையை. கடைசியில், இதில் எது உன்னை மாதிரி இருக்கிறது என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையை விட்டு ஓடினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது கிளார்க்கின் பணியையும் மேற்கோள் காட்டியது.

இந்த விருப்பம் பிறவியிலேயே வருவதில்லை. பிறந்த குழந்தைக்கு எந்த இனத்து முகமும் ஒன்றுதான், மூன்று மாதத்தில் அதிகம் பார்த்துப் பழகிய முகங்களை நோக்கிக் கண் போக ஆரம்பித்துவிடுகிறது. இஸ்ரேலில் எத்தியோப்பியக் குடும்பங்களில் பிறந்து, இரண்டு வகை முகங்களையும் பார்த்து வளர்ந்த குழந்தைகளுக்கு அந்தச் சாய்வு இல்லை என்று 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அப்படியென்றால் குழந்தையின் கண்ணில் படுவது எது என்பது சின்ன விஷயம் இல்லை, அதில் பெரும்பங்கு இன்றைக்கு டேப்லெட்டிலிருந்துதான் வருகிறது.

2012 மார்ச்சில் டிஸ்னி ஜூனியர் என்ற குழந்தைகள் சேனலில் டாக் மெக்ஸ்டஃபின்ஸ் என்ற கார்ட்டூன் தொடர் வந்தது. டாட்டி என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், வீட்டுக் கொல்லையில் கிளினிக், நோயாளிகள் எல்லாம் உயிர்பெற்ற பொம்மைகள். அம்மா டாக்டர், அப்பா வீட்டில் இருந்து சமைப்பார், தோட்டம் பார்ப்பார். இதை உருவாக்கிய கிறிஸ் நீ வெள்ளைக்காரர். அவருடைய மகனுக்கு ஆஸ்துமா, டாக்டரிடம் அலைந்த அலைச்சலில் தோன்றிய யோசனை இது. அவர் யோசித்தது ஒரு சிறுமி டாக்டரை மட்டும்தான், கறுப்பினச் சிறுமியாக்கலாம் என்று சொன்னது சேனல் தரப்பு. எனக்கு இதில் பிடித்த இடம் இதுதான். யாரோ ஒருவர் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவு, தானாக நடந்தது இல்லை. அதே மாதிரி, மற்ற நூறு கார்ட்டூன்களில் நாயகன் வெள்ளையாக இருப்பதும் யாரோ எடுத்த முடிவுதான், அதை மட்டும் யாரும் முடிவு என்று சொல்வதில்லை.

அந்த வருடமே டெக்சாஸைச் சேர்ந்த மியெஷா டெய்லர் என்ற அவசர சிகிச்சை டாக்டர், தன்னைப் போன்ற கறுப்பினப் பெண் டாக்டர்கள் 131 பேரின் படங்களைச் சேர்த்து, நாங்கள்தான் டாக் மெக்ஸ்டஃபின்ஸ் என்று இணையத்தில் போட்டார். அதிலிருந்து ஆர்டெமிஸ் மெடிக்கல் சொசைட்டி என்ற அமைப்பே உருவானது. 2013-இல் இந்தத் தொடரின் பொம்மைகளும் மற்ற பொருள்களும் விற்றது ஏறக்குறைய 50 கோடி டாலருக்கு. கறுப்பினக் குழந்தைகள் மட்டும் வாங்கி இந்தக் கணக்கு வராது. கறுப்புப் பொம்மை விற்காது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அப்புறம் என்ன சொன்னார்களோ!

தொழில்முறையிலும் எனக்கு இது உதவுகிறது. டாட்டி முதலில் கேட்பாள், பிறகு தொட்டுப் பார்ப்பாள், என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் செய்வாள். ஊசிக்குப் பயப்படும் குழந்தையைத் தயார்ப்படுத்த நாங்கள் செய்வதும் ஏறக்குறைய இதே வரிசைதான். வெள்ளைக்காரக் குழந்தைகள், போலந்துக் குழந்தைகள், தமிழ்க் குழந்தைகள் எல்லோரும் என் அறையில் டாட்டியாக மாறி டெடிக்கு ஊசி போடுகிறார்கள், நிறத்தைப் பற்றி ஒருவரும் தயங்கியதில்லை. கறுப்பினச் சிறுமிகளுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று நடக்கிறது: டாட்டி மாதிரி இருக்கிறாய் என்று மற்ற குழந்தைகளே அவர்களுக்கு டாக்டர் வேடத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

கார்ட்டூனைப் பார்த்துத் தன்னம்பிக்கை வந்துவிடுமா என்று கேட்டால், அவ்வளவு எளிதாக இல்லை. 2012-இல் நிகோல் மார்ட்டின்ஸ், கிறிஸ்டன் ஹாரிசன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 400 அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். டிவி அதிகம் பார்க்கப் பார்க்க வெள்ளைச் சிறுமிகள், கறுப்பினச் சிறுமிகள், கறுப்பினச் சிறுவர்கள் ஆகியோரின் சுயமதிப்பு குறைந்தது, வெள்ளைச் சிறுவர்களுக்கு மட்டும் கூடியது. திரையில் எல்லா நல்ல வேலையையும் யார் செய்துகொண்டிருந்தார்கள் என்று யோசித்தால் காரணம் புரியும்.

அதனால் முகம் வந்தால் போதாது, என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் முகமாகவே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வேடிக்கையாகச் சொல்லவில்லை. டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி டியானா 2009-இல் வந்தாள், படத்தின் பெரும்பகுதி தவளையாக இருந்தாள். 2019-இல் ஸ்பைஸ் இன் டிஸ்கைஸ் படத்தின் கறுப்பின நாயகன் புறாவானார். 2020-இல் சோல் படத்தின் கறுப்பின நாயகன் ஜோ, நீல நிற ஆன்மாவாகவும் கொஞ்ச நேரம் பூனை உடம்பிலும் திரிந்தார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நல்ல கதைதான், சேர்த்துப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது.

எனக்கு அதிகம் பிடித்தது சத்தமில்லாத ஒன்று. பிபிசியின் குழந்தைகள் சேனலான சீபீபீஸில் 2020-இல் தொடங்கிய ஜோஜோ அண்ட் கிரான் கிரான். லாரா ஹென்றி-அலைன் உருவாக்கிய பாத்திரங்கள். ஐந்து வயதை நெருங்கும் சிறுமி, கரீபியனில் உள்ள செயின்ட் லூசியாவிலிருந்து வந்த பாட்டி. இரண்டு பேரும் சமைப்பார்கள், கடைக்குப் போவார்கள், ஏதாவது செய்து விளையாடுவார்கள், அவ்வளவுதான் கதை. சூப்பர் சக்தியும் இல்லை, துயரமும் இல்லை. ஒரு கறுப்பினக் குழந்தை சாதாரணமாக இருந்தாலே கதைக்குப் போதும் என்று சொல்ல பிரிட்டனுக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. ஆப்பிரிக்காவிலேயே தயாராகும் கார்ட்டூன் வேண்டுமென்றால் நைஜீரியாவில் அடமு வசீரி உருவாக்கிய பினோ அண்ட் ஃபினோவைப் பாருங்கள். கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கு மூன் கேர்ள் அண்ட் டெவில் டைனோசர். அதில் நாயகி தன் சுருட்டை முடியை நேராக்கப் போய் மாட்டிக்கொள்ளும் ஓர் அத்தியாயம் உண்டு, வகுப்பில் முடியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள் என்று அழுத சிறுமிகளோடு பேச அது எனக்கு நல்ல தொடக்கம்.

சரி, நம் வீடுகளுக்கு வருவோம். இங்குள்ள தமிழ்ப் பெற்றோர் சிலர் இந்தக் கார்ட்டூன்கள் வந்தால் வேறு ஒன்றுக்கு மாற்றிவிடுகிறார்கள். "நாமளே கறுப்பு, இதையும் பார்த்து என்ன ஆகப்போகுது" என்ற பேச்சைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், பக்கத்தில் குழந்தை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். கறுப்பின அண்டை வீட்டாரைப் பற்றி நாம் தமிழில் பயன்படுத்தும் சில சொற்களை நான் இங்கே எழுதப்போவதில்லை, ஆனால் அவை உங்கள் பிள்ளையின் வாய்வழியாக நர்சரிக்குப் போய்விடுகின்றன என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். டாட்டி நம்முடைய பிரதிநிதி இல்லை. அவளுக்குப் பின்னால் இருக்கும் வரலாறு வேறு, அடிமைமுறையும் பிரிவினைச் சட்டங்களும் நாம் இரவல் வாங்கக்கூடியவை இல்லை. ஆனாலும் கறுத்த தோலுள்ள ஒருத்தி புத்திசாலியாகவும் பொறுப்பாகவும் இருப்பதை வாரம் தவறாமல் பார்க்கும் தமிழ்க் குழந்தை, தன் வகுப்பில் இருக்கும் கானாக்காரத் தோழியையும் தன் கையின் நிறத்தையும் ஒரே கண்ணால்தான் பார்க்கும்.

உலக சுகாதார அமைப்பு 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது, அதனால் இவற்றையும் சேர்த்துக் கூடுதலாகப் போடாதீர்கள், ஏற்கெனவே ஓடுவதில் ஒன்றை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்காருங்கள், ஏனென்றால் கேள்வி வரும். இவள் ஏன் கறுப்பாக இருக்கிறாள் என்று குழந்தை சத்தமாகக் கேட்கும், அதுவும் பெரும்பாலும் பஸ்ஸில் வைத்துத்தான் கேட்கும். உஷ் என்று வாயை மூடினால் அது ஏதோ கெட்ட விஷயம் என்று குழந்தை முடிவு செய்துவிடும். நம் தோலில் மெலனின் என்று ஒன்று இருக்கிறது, அவளுக்கு அதிகம், உனக்குக் கொஞ்சம் குறைவு, அவளுடைய அம்மா அப்பாவுக்கும் அதே நிறம்தான் என்று அதே குரலில் சொல்லுங்கள். நாலு வயதுக்கு இது போதும், அடுத்த நிமிடமே எப்போது இறங்குவோம் என்று கேட்க ஆரம்பித்துவிடும்.